பேசும் பாம்பும் மச்சான் பிடித்த கயிறும்

"ஏளா, நீ படிச்ச பிள்ளைதான், இல்லைங்கல. அதுக்காக டிவியில காட்டுததெல்லாம் பொய்யி, நீ சொல்லுதது மட்டும் மெய்யின்னா எப்படி?"

அமலோற்பவ மாமி இப்படிக் கேட்டபோது அவர் கையில் ரிமோட் இருந்தது. பாலித்தீன் உறைகூடக் கழற்றாத ரிமோட். ஒவ்வொரு சொல்லுக்கும் அதை என் பக்கம் நீட்டினார். விட்டால் என்னையும் வேறு சேனலுக்கு மாற்றியிருப்பார்.

எனக்கு வரலாற்றில் முதுகலைப் பட்டம் இருக்கிறது. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாண்டியர்களைப் பற்றி நான்தான் பாடம் எடுக்கிறேன். இதையெல்லாம் மாமியிடம் சொல்லவில்லை. சொல்லியும் பயனில்லை. எனக்கு எதிராக வாதாடிக்கொண்டிருந்தது தினமும் மாலை ஏழு மணிக்குப் பின்னணி இசையோடு வரும் ஒரு தொடர்.

அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தில் அவர்களுக்கு எதற்கு விளம்பரம்?

பூ வாடாத இளவரசி

காயல் துறைமுகத்தில் பாண்டியர் கொடி பறந்த காலத்துக் கதை என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். எங்கள் கரையில் வாய்வழியாக வந்த ஒரு கதைதான் மூலம். ராஜா கேட்ட ஒரு முத்துக்காக ஒருவன் மறுபடியும் மறுபடியும் மூழ்குகிறான். அவன் பெண்டாட்டியின் அண்ணன் வள்ளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான் கதை. நான் கேட்ட எந்த வடிவத்திலும் கயிறு அறுபடுவதில்லை.

டிவிக்காரர்களுக்கு அது போதவில்லை. முத்துக் குளிப்பவனை இளவரசன் ஆக்கினார்கள். கடலுக்கு அடியில் ஒரு நாகலோகம் கட்டினார்கள். அங்கே தேங்காய் அளவு முத்து. அதைக் காக்க ஒரு பாம்பு, அது செந்தமிழில் பேசும். இளவரசி கடலில் விழுந்து எழுந்து வந்தால் கொண்டையில் வைத்த பூகூட வாடியிருக்காது. சிப்பி திறந்ததும் வெளிச்சம் அடிக்கும். அந்த வெளிச்சம் பட்டுக் குதிரைக்கு இறக்கை முளைக்கும்.

முத்து எடுக்க வேண்டுமானால் சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிட்டு, ஈ மொய்க்க மொய்க்கக் கழுவிச் சலிக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார்கள், நாற்றமே என்னிடமிருந்துதான் வருகிறது என்பதுபோல. காலாண்டுத் தேர்வில் பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பைப் பற்றி எழுதச் சொன்னதற்கு, ஒரு மாணவி நாகராணியின் குடும்ப விவரத்தோடு ஒரு பக்கம் எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

அதுவரைக்கும் அது டீச்சரின் எரிச்சல். சிவப்பு மையில் தீர்த்துக்கொள்ளலாம். பிறகுதான் அவர்கள் கயிற்றில் கை வைத்தார்கள்.

இளவரசன் கடலுக்கு அடியில் இருக்கிறான். மேலே வள்ளத்தில் நிற்கும் மச்சான், பாண்டியனின் அரியணைமேல் ஆசை வந்து, இடுப்பிலிருந்து வாளை உருவுகிறான். கயிறு அறுபடுவதை எத்தனையோ கோணங்களில் காட்டினார்கள். ஒவ்வொரு கோணத்துக்கும் ஓர் இடி.

ஓலைக்கு வந்த வில்லங்கம்

சென்ற வாரங்களில் உப்பளத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் கடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நின்று வெகுகாலம் ஆகிறது. இப்போது குளிப்பது சங்குக்கு. வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து ரப்பர் குழாயில் வரும் காற்றை வாயில் கவ்விக்கொண்டு ஆள் கீழே போவார். இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மேலே ஒருவர் குழாயையும் கயிற்றையும் கையில் வைத்துக்கொண்டு, கீழிருந்து வரும் இழுப்பைக் கவனித்தபடியே நிற்பார்.

மேலே நிற்பவர் பெண்டாட்டியின் உடன்பிறந்தவராக இருக்க வேண்டும் என்பது முத்துக் காலத்து வழக்கம். கயிற்றின் மறுமுனையில் தொங்குவது தன் தங்கையின் தாலி. ஆகவே அவன் கண் அயர மாட்டான். நடுவில் பீடி பற்றவைக்க மாட்டான். சொத்துச் சண்டையை மனதில் வைத்துக் கையைத் தளர்த்த மாட்டான். சொந்தத் தம்பியைவிட மச்சானை நம்பியவர்கள் எங்கள் ஆட்கள். இன்று எல்லா வள்ளத்திலும் அப்படி அமைவதில்லை. அமைகிற வள்ளத்தில் அது ஒரு பெருமை.

என் தம்பி ரூபனும் லூர்தும் ஒரே வள்ளம். லூர்து குளிப்பான், ரூபன் பிடிப்பான். லூர்து அமலோற்பவ மாமியின் ஒரே மகன். திரேஸ்புரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவனுக்கும் என் கடைசித் தங்கை ஸ்டெல்லாவுக்கும் கல்யாணம் பேசி முடித்த அன்று, மாப்பிள்ளையை விட்டுவிட்டு ரூபனைத்தான் எல்லாரும் கேலி செய்தார்கள்.

"ஏலே, இனிமே கொட்டாவிகூட விடாதலே. கயித்துல ஒன் தங்கச்சியும் சேந்துல்லா தொங்குதா."

ரூபன் காது சிவக்கச் சிரித்துக்கொண்டு நின்றான்.

கல்யாண அறிவிப்பைக் கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் வாசித்தால்தான் கல்யாணம் நடக்கும். நாங்கள் அதை ஓலை என்போம். முதல் ஓலை வாசித்த அன்று சாயங்காலம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"கல்யாணம் கல்யாணமா நடக்கட்டும். ஆனா என் பிள்ளைக்கு இனிமே உங்க பய குழாய் பிடிக்க வேண்டாம். வேற ஆளப் போட்டுக்கிடுதோம்."

அம்மா காபித் தம்ளரை நீட்டியபடியே நின்றுவிட்டார். அப்பாதான் கேட்டார்: "ஏன், எம் பிள்ளை என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல. செஞ்ச பொறவு சொல்லி என்ன புண்ணியம்? டிவியில பாத்தீங்கல்லா, மச்சான் செஞ்ச வேலைய."

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். மாமி போன பிறகு, எங்களுக்கே கேட்டும் கேட்காததுமாகச் சொன்னார்: "அவன் கையை நம்பாத வீட்டுக்கு இவள எப்படி அனுப்புதது? அடுத்த ஓலை வாசிக்க வேண்டாம்னு சனிக்கிழம சாமியார்ட்ட சொல்லிருதேன்."

ஸ்டெல்லா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவும் சத்தம் நிற்கவில்லை. வேகம் மட்டும் கூடியது. ரூபன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மறுநாள் அவன் கடலுக்குப் போகவில்லை. மாப்பிள்ளையைக் கேட்கிறீர்களா? கடலுக்கு அடியில் எதற்கும் அஞ்சாத பிள்ளை, கரையில் அம்மாவுக்கு அஞ்சுவான். "கொஞ்ச நாள் பொறுலே" என்று ரூபனுக்குப் போனில் சொன்னானாம்.

எங்கோ ஒரு படப்பிடிப்புத் தளத்தில், வெள்ளிப் பூச்சு பூசிய ஓர் அட்டை வாள், எங்கள் வீட்டுக் கல்யாணத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே மாமி வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை அப்பா ஓலையை நிறுத்தப் போவதைச் சொன்னேன். வழக்கம் எப்படி வந்தது, ஏன் வந்தது என்று ஒரு பாடவேளை முழுக்க விளக்கினேன். அதற்குக் கிடைத்த பதில்தான் நீங்கள் மேலே முதலில் வாசித்தது.

சின்ன எழுத்து

அந்தப் பதில் எனக்கு ஏன் இவ்வளவு உறைத்தது என்று யோசித்தேன்.

நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது எங்கள் வீட்டுக்கு அரசாங்கம் கொடுத்த டிவி வந்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்காருவார்கள். அம்மா உப்பளத்திலிருந்து வந்து, வெடித்த பாதங்களுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டே பார்ப்பார். திரையில் எழுத்து வந்தால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். பாடப்புத்தகத்துக்கு வெளியே நான் முதலில் வாசித்த சொல் 'தொடரும்'. 'பல ஆண்டுகளுக்குப் பிறகு' என்று போட்டால் நான் உரக்க வாசிக்க வேண்டும். இல்லையென்றால், நேற்றுவரை தவழ்ந்த பிள்ளைக்கு இன்று எப்படி மீசை வந்தது என்று அறை முழுக்கக் குழம்பும்.

அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது. நான் வாசித்தால் அது அப்படித்தான். யாரும் சந்தேகப்பட்டதில்லை.

சரி, வாசித்தே காட்டிவிடுவோம் என்று புதன்கிழமை ஏழு மணிக்குச் சரியாக மாமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தொடர் தொடங்கும் முன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். ஓடி மறைவதற்குள் வாசித்தேன்.

"இதுல வர்ற சம்பவம் எல்லாமே கற்பனைன்னு அவங்களே போட்டிருக்காங்க மாமி."

"இம்புட்டு சின்னதாவா?"

"ஆமா."

"நெசமாவே கற்பனைன்னா பெருசாப் போட வேண்டியதுதான? ஒளிச்சு ஒளிச்சுப் போடுதான்னா அவனுக்கே சந்தேகம் இருக்கு."

முதுகலையில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

விளம்பர இடைவேளை

அன்றைய பாகத்தில் அரசவை. கணவனைத் தேடி அழும் இளவரசி, தன் அண்ணனைப் பார்த்துக் கை நீட்டிக் கேட்கிறாள்: "அண்ணா! அந்தக் கயிறு ஏன் அறுந்தது?" அண்ணன் முகம். இடி. தூணருகே நிற்கும் காவலாளி முகம். இடி. பாம்பின் முகம்கூட வந்தது. பதில் வரவில்லை. விளம்பரம் வந்தது.

"மூணு வாரமா இதையேதான் கேக்கா" என்றார் மாமி. "அவன் வாயத் தொறக்க மாட்டேங்கான்."

"அதான் மாமி சொல்லுதேன். பாம்பு பேசுது, குதிரை பறக்குது. இதப் போய் நம்பி..."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாம்பு பேசும்னு நம்பிக்கிட்டா இருக்கேன்? என்ன அம்புட்டு கூறு கெட்டவன்னு நெனச்சியோ? பாம்பு பொய்யி. குதிரை பொய்யி. அவ கட்டியிருக்குத சேலை நம்ம ஊர்லயே கிடையாது, அதுவும் பொய்யி. கயிறு பொய்யில்லளா."

சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மாமி சத்தத்தைக் குறைத்தார்.

"லூர்துக்க அப்பாவுக்கு யாரு குழாய் பிடிச்சான்னு தெரியுமா ஒனக்கு?"

லூர்துவின் அப்பா கடலில் இறந்தவர் என்று தெரியும். கம்ப்ரசர் நின்றுபோனது என்று தெரியும். அதற்குமேல் தெருவில் யாரும் பேசியதில்லை.

"எங்க அண்ணன். சந்தியாகு. கூடப் பிறந்தவன். எஞ்சின் நின்னு போச்சுன்னான், அம்புட்டுத்தான். அடக்கம் முடிஞ்சு ஆலந்தலைக்குப் போனவன், இந்தப் பக்கம் வரல. நானும் கேக்கல."

"ஏன் மாமி கேக்கல?"

"கேட்டு அவன் ஒண்ணு சொல்லிட்டான்னா? கேக்காம இருந்தா அண்ணனாச்சும் மிஞ்சுவான்னு நெனச்சேன். அவனும் மிஞ்சல."

திரையில் அரசவை மறுபடி வந்தது. மாமி சத்தத்தைக் கூட்டினார். இளவரசி இன்னொரு முறை கேட்டாள். அண்ணன் உதடு பிரிந்தது. 'தொடரும்.'

என்னையறியாமல் அதை உரக்க வாசித்துவிட்டேன்.

மாயாவி

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று பிறகு மாமியிடமே கேட்டேன். "டிவிக்காரன் நம்ம கயித்த ஊருக்கெல்லாம் காட்டுதான். நம்ம கதைய நாம சொன்னா என்ன? பேரப் போட்டே எழுது" என்றார். போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை தொடரில் பதில் வந்தது. என்ன பதில் தெரியுமா? கயிற்றை அறுத்தது அண்ணனே இல்லையாம். அண்ணன் உருவத்தில் வந்த மாயாவியாம். உண்மையான அண்ணன் பாவம், ஒரு குகையில் சங்கிலியில் கட்டுண்டு கிடக்கிறானாம். மாயாவி புகையாகிப் போனான். அண்ணனும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதார்கள். வானத்திலிருந்து பூ விழுந்தது.

மாமி ரிமோட்டைக் கட்டிலில் எறிந்தார்.

"ஆள் மாறாட்டமாம்ளா! பாத்தியா அநியாயத்த? இத்தன நாளு உக்கார வச்சி, ஒரு அண்ணன்ட்ட ஒரு கேள்வியக் கேட்டு, ஒரு பதில் வாங்கத் துப்பில்ல இவனுவளுக்கு!"

மாமியும் நானும் முதல்முறையாக ஒரே கட்சியில் இருந்தோம். நான் இத்தனை நாள் பாம்பின்மீதும் குதிரையின்மீதும் எரிச்சல்பட்டது வீண் என்று பட்டது. நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் சொல்லப் பயந்து புகையாக ஓடினார்களே, கோபப்பட வேண்டியது அதற்குத்தான்.

"டிவிக்காரன் கேக்க மாட்டான் மாமி. நீங்க கேளுங்க."

"எங்கன போய்க் கேக்க?"

"நான் போய்க் கூட்டிட்டு வாரேன்."

மாமி ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் பாலித்தீன் உறையை நகத்தால் கீறிக் கீறிக் கிழித்தார்.

"வந்தா வரட்டும்" என்றார்.

ஆலந்தலை

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் திருச்செந்தூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஆலந்தலை பக்கம்தான். கோயில் தெருவில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள்.

சந்தியாகு மாமா பனியனோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் யார், யார் மகள், யாருக்கு யாரைப் பேசியிருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே உரித்தார். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். பேச்சு முடிந்ததும் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

பிறகு அவர் கேட்டார்: "நேத்து அந்த நாடகத்தப் பாத்தியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்களும் பாக்கீங்களா?"

"மாயாவியாம்" என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த வெறுப்பை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. "அவளும் பாக்காளா?"

"ஒரு நாள் விடாம."

உரித்த வெங்காயத்தை விரல்களால் தள்ளி ஒன்றுசேர்த்தார்.

"கேக்கணும்ங்காளா?"

"வந்தா வரட்டும்னு சொன்னாவ மாமா."

எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

ஏழு மணி

திரேஸ்புரத்தில் நாங்கள் இறங்கியபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அந்தத் தொடரின் பாட்டு தொடங்கிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டைக் கடந்தால் அடுத்த வீட்டில் அதன் அடுத்த வரி.

மாமி வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மாமி எழுந்து நின்றார். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருவருமே இளவரசியைப் பார்த்தார்கள். நான் போய் டிவியை அணைத்தேன்.

"அண்ணே" என்றார் மாமி. "அன்னைக்கு என்ன செஞ்ச?"

அந்தத் தொடர்க்காரர்களைப் போல இந்த இடத்தில் முகத்தைக் காட்டி, இடி இடித்து, உங்களை அடுத்த வாரம்வரை உட்கார வைக்க மாட்டேன். அவர் உடனே சொன்னார். நாக்கு நுனியிலேயே வைத்திருந்திருக்கிறார்.

"எஞ்சின் நின்னுட்டு. கீழ அவன் இழுத்தான், கைக்குத் தெரிஞ்சிது. நான் கயித்த இழுத்திருக்கணும். ஒரு இழுப்புல எஞ்சின ஸ்டார்ட் பண்ணிரலாம்னு நெனச்சிட்டேன் தங்கச்சி. கயித்தக் கீழ போட்டுட்டு எஞ்சின்ட்ட போனேன். இந்தா பிடிச்சிரும், இந்தா பிடிச்சிரும்னு எஞ்சினையே இழுத்துக்கிட்டே இருந்தேன். பொறவு குதிச்சேன். அப்ப அவனுக்கு மூச்சு இல்ல. நான் அறுக்கல. ஆனா விட்டேன்."

பக்கத்து வீட்டு டிவியில் இடி இடித்தது.

மாமி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அழவில்லை. "இதச் சொல்லுததுக்கா இத்தன வருசம்?" என்றார்.

"நீ கேக்கலியே."

"கேக்கலன்னா சொல்ல மாட்டியா? கிறுக்குப் பயல!" என்று மாமி கத்தினார். அப்புறம்தான் அழுகை வந்தது. அழுதுகொண்டே அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். மாறிப் போட்ட பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார்.

ரூபன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸிலிருந்தே அவனுக்குப் போன் போட்டிருந்தேன். மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டார்.

"ஏலே, இங்கன வா. எஞ்சின் நின்னா எங்கலே போவ?"

ரூபன் என்னைப் பார்த்தான். அவனை முந்திக்கொண்டு பதில் சொல்வது என் பழைய பழக்கம். அன்று சொல்லவில்லை.

"எங்கயும் போவ மாட்டேன் மாமி. இழுப்பேன்."

"எஞ்சின் பிடிச்சிரும் போலத் தோணுச்சின்னா?"

"அப்பவும் இழுப்பேன்."

மாமி தன் அண்ணனைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

"திங்கக்கிழம போ அவன்கூட" என்றார் மாமி. பிறகு திடீரென்று நினைவு வந்தவராக என் பக்கம் திரும்பினார். "ஏளா, உங்கப்பா ஓலைய நிறுத்தச் சொல்லுதேன்னாவளே. நாளைக்குக் காலையிலயே போயிருவாவளே. ஓடு, போய்ச் சொல்லு."

நான் ஓடவில்லை. காலையில் திருச்செந்தூர் பஸ் ஏறும் முன்பே கோயிலுக்குப் போய், யார் வந்து என்ன சொன்னாலும் இந்த ஞாயிறு இரண்டாம் ஓலையை வாசித்துவிடுங்கள் சாமி என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன்.